ஐந்து கட்டை உறுமல்: ரிச்சி தெரு ஆம்ப்ளிஃபயர் மெக்கானிக் ஒருவரின் வேலையைப் பற்றி

"வால்யூமைச் சுத்தமா குறைச்சிட்டு ஸ்பீக்கர்கிட்ட காதை வைங்கம்மா. சத்தம் நிக்குதா, இருக்கா?"

ஆம்ப்ளிஃபயர் உறுமுகிறது என்று போன் செய்தபோது அந்த மெக்கானிக் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. என்ன பிராண்டு, எத்தனை வாட்ஸ், எவ்வளவுக்கு வாங்கியது என்று எதுவும் கேட்கவில்லை. அவருக்கு முன்னால் நான் பேசிய மூன்று பேரும் அதைத்தான் முதலில் கேட்டார்கள். போனைக் கையில் பிடித்தபடியே போய்க் காதை வைத்தேன். வால்யூம் பூஜ்யத்தில் இருந்தும் உள்ளே மெல்லிய உறுமல் இருந்தது. குமிழைத் திருப்பத் திருப்ப அதன் மேலேயே இன்னொன்று ஏறி வந்தது. அப்படியே சொன்னேன்.

"அப்போ உங்க வீட்ல இருக்கறது ஒரு சத்தம் இல்ல, ரெண்டு. ரெண்டும் வேற வேற இடத்துலேர்ந்து வருது. ஒவ்வொண்ணாத்தான் பிடிக்கணும். வியாழக்கிழமை சாயங்காலம் வரேன்."

அந்த அரை நிமிடப் பேச்சிலேயே எனக்குப் பாதி நிம்மதி வந்துவிட்டது. கடைசியில் அது இரண்டு அல்ல, ஐந்து என்று தெரிந்தது. ஐந்தையும் அவர் கண்டுபிடித்தார். அதனால்தான் நேரம் எடுத்து இந்த விமர்சனத்தை எழுதுகிறேன். கடையின் பெயரையும் நம்பரையும் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். ஆளுக்கு இரண்டு கைதான், வந்து குவிகிற வேலையைத் தட்டிக்கழிக்க மனம் வராது என்கிறார். சென்னை ரிச்சி தெருவில் பழைய ஆம்ப்ளிஃபயர் பார்ப்பவர் யார் என்று இரண்டு கடைகளில் விசாரித்தால், மூன்றாவது கடையில் மாடிப்படியைக் காட்டிவிடுவார்கள்.

முதலில் எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். 1980களில் சீட்டு எடுத்த பணத்தில் வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர், பெல்ட்டில் ஓடும் ஒரு டர்ன்டேபிள், ஆளுயரத்தில் பாதி வரும் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்கள், நூற்றுப்பத்து எல்.பி. ரெக்கார்டுகள். ரெக்கார்டுகளில் பாதி பழைய மூர் மார்க்கெட்டில் வாங்கியவை. 1985இல் மார்க்கெட் எரிந்துபோன பிறகு அல்லிக்குளம் வளாகத்துக்குப் போய் அதே வியாபாரிகளைத் தேடிப்பிடித்து வாங்கினார். அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. ஒரு வருடம் எதையும் தொடவில்லை. தொட்ட அன்றைக்கு ஸ்பீக்கரில் முதலில் வந்தது பாட்டு இல்லை, இந்த உறுமல்தான். "அப்பா இருந்தப்ப இந்தச் சத்தம் இல்லையேடி" என்றாள் அம்மா. அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு அது மனதிலேயே கிடந்தது.

சின்ன வயதில் ஏழெட்டு வருடம் பாட்டு கற்றுக்கொண்டேன். அதனால் இந்தச் சத்தத்தை மற்றவர்களைப் போல 'ஏதோ இரைச்சல்' என்று ஒதுக்க முடியவில்லை. அதற்கு ஒரு சுருதி இருந்தது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதிலிருந்து பிறக்கும் உறுமல் 50 ஹெர்ட்ஸிலோ அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸிலோ நிற்கும். பாட்டில் சுருதியின் உயரத்தைக் கட்டை என்று எண்ணுவோம். ஐந்து கட்டைச் சுருதியை ஸ்தாயி ஸ்தாயியாகக் கீழே இறக்கிக்கொண்டு போனால் 98, 49 ஹெர்ட்ஸ் என்று வரும். அதாவது இந்த உறுமல் ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. அப்பாவுக்கு உயிரான நாதஸ்வர ரெக்கார்டில் சுருதி இரண்டு கட்டை. இரண்டு கட்டைக்கு ஐந்து கட்டை எங்கே விழும்? சுத்த மத்தியமத்தில், அதாவது 'ம' ஸ்வரத்தின் கீழ் வடிவத்தில். ரெக்கார்டின் அந்தப் பக்கத்தில் வாசித்திருப்பது கல்யாணி. 'ம'வின் மேல் வடிவமான பிரதி மத்தியமம் பிடித்து நிற்கிற ராகம். அதன் அடியில் ஒருவர் விடாமல் சுத்த மத்தியமத்தை, அதுவும் சுருதி விலக்கி, ஊதிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. நாதஸ்வரத்துக்குச் சுருதி ஊதும் ஒத்துக்காரர் தவறான சுருதியோடு மேடையேறிவிட்ட கச்சேரி.

இவரிடம் போவதற்கு முன் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு கடையில் ஆம்ப்ளிஃபயரைப் பார்க்காமலேயே, பழைய செட்டில் ரெக்கார்டு ஊசியின் சிக்னலைப் பெருக்கும் போனோ சர்க்யூட் எல்லாம் செத்துப்போயிருக்கும், அதே வேலையைச் செய்யத் தனியாக ஒரு போனோ ப்ரீஆம்பும், வரும் மின்சாரத்தைச் சுத்தப்படுத்த ஒரு பவர் கண்டிஷனரும் வாங்கிவிடுங்கள் என்றார்கள். 11,500 ரூபாய். இன்னொருவர் வீட்டுக்கு வந்தார். மூன்று பின் பிளக்கை வெட்டிவிட்டு இரண்டு பின் பிளக்கை மாட்டினார். உறுமல் பாதிக்கு மேல் குறைந்தது. எனக்கு ஆச்சரியம். 300 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நானும் பாதி குணமாவது ஆனதே என்று நாலு மாதம் அப்படியே ஓட்டினேன். அந்த நாலு மாதத்தை நினைத்தால் இப்போது வயிற்றைக் கலக்குகிறது. ஏன் என்று கீழே வருகிறது.

வியாழக்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்தார். அறுபது வயது இருக்கும். கூட ஒரு பையன், ஒரு தோள்பை. வந்ததும் ஸ்க்ரூடிரைவரை எடுக்கவில்லை. ஃபேனை நிறுத்தச் சொன்னார், ஃபிரிட்ஜ் ஓடுகிறதா என்று கேட்டார், அப்புறம் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு இரண்டு நிமிடம் வெறுமனே உறுமலைக் கேட்டார். பிறகு ஆம்ப்ளிஃபயரின் பின்னால் இருந்த ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார். டர்ன்டேபிள், டி.வி.யிலிருந்து வந்த ஒயர், கேசட் டெக்குக்குப் போன ஒயர், எல்லாம். ஒவ்வொன்றையும் பிடுங்குவதற்கு முன் ஆம்பை அணைத்தார். பையன் ஒவ்வொரு ஒயரிலும் ஒரு காகிதத் துண்டைச் சுற்றி எண் எழுதினான். கடைசியில் ஸ்பீக்கர் மட்டும் மிஞ்சியது. அப்போதும் அந்த மெல்லிய உறுமல் இருந்தது.

"வெளியிலேர்ந்து எதுவும் வரல. வால்யூமும் இல்ல. அப்போ இது ஆம்ப் தானா போடற சத்தம். பவர் சப்ளை."

உள்ளே நுழையும் மின்சாரத்தை டிரான்ஸ்ஃபார்மர் இறக்கித் தருகிறது, டயோடுகள் அதை ஒரே திசைக்குத் திருப்புகின்றன. திருப்பிய பிறகும் அது அலையலையாகத்தான் இருக்கும், நொடிக்கு 100 அலை. அந்த அலையைத் தட்டையாக்குவது இரண்டு பெரிய கண்டென்சர்கள். உள்ளே ஈரமான ஒரு கரைசல் இருக்கும், முப்பது நாற்பது வருடத்தில் அது காய்ந்துவிடும். காய்ந்தால் அலை அப்படியே பாட்டுக்குள் வந்துவிடும். மூடியைத் திறந்து காட்டினார். இரண்டின் தலையும் லேசாக உப்பியிருந்தன. தொடுவதற்கு முன் ஒரு ரெசிஸ்டரை வைத்து அவற்றில் தேங்கியிருந்த கரண்டை வடித்தார். ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இது அடிக்கும், வீட்டில் யாரும் திறந்து பார்க்க வேண்டாம் என்று என் பையனைக் கூப்பிட்டுத் தனியாகச் சொன்னார்.

மூடியை மூடும்போதுதான் பிளக்கைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இதை யாரும்மா வெட்டினது?"

சொன்னேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. ஆம்ப்ளிஃபயரை அந்த இரண்டு பின் பிளக்கோடு போட்டு, மல்ட்டிமீட்டரின் ஒரு முனையைச் சுவரின் எர்த்திலும் இன்னொன்றைப் பெட்டியின் திருகிலும் வைத்தார். 87 வோல்ட் காட்டியது. இது டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கசிகிற கரண்ட், ரொம்பச் சின்னது, தொட்டால் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான் என்றார். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரின் உள் இன்சுலேஷன் என்றைக்காவது விட்டுப்போனால் இந்த இரும்புப் பெட்டி முழுக்க 230 வோல்ட் நிற்கும். எர்த் இருந்தால் அந்த நொடியே ஃபியூஸ் போகும். எர்த்தை வெட்டிவிட்டால், தொடுகிற ஆள்தான் எர்த்.

தினமும் காலையில் அந்தப் பெட்டியை ஈரத்துணியால் துடைப்பது அம்மா.

இரைச்சல் நிற்கிறது என்பதற்காக எர்த்தை வெட்டச் சொல்லும் யாரையும் வீட்டுக்குள் விடாதீர்கள். இந்த விமர்சனத்தில் ஒரே ஒரு வரியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கொண்டு போனார்கள். நாலு நாளில் தருவதாகச் சொன்னது பதினோரு நாள் ஆனது. நடுவில் ஒரு நாள் நானே கடைக்குப் போனேன். அண்ணா சாலையிலிருந்து திரும்பி ரிச்சி தெருவுக்குள் நுழைந்தால் கேமரா, லேப்டாப், ஒயர், எல்.இ.டி. என்று கத்தல்தான். அந்த மாடியில் மட்டும் அமைதி. சுவர் முழுக்கப் பழைய ஆம்ப்ளிஃபயர்கள் வாய் பிளந்து கிடந்தன. என்னுடையது மேசை மேல் இருந்தது, பக்கத்தில் பலகையில் மாட்டிய ஒரு 100 வாட் குண்டு பல்பு. பிரித்துச் சேர்த்த செட்டை நேராக மின்சாரத்தில் போட மாட்டார்களாம். அந்தப் பல்பு வழியாகத்தான் கரண்ட் உள்ளே போகும். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், செட் தப்பித்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கிவிடும். என் கண் முன்னால் சுவிட்சைப் போட்டார். பளிச். அப்புறம் மெல்லச் சிவந்து அடங்கியது. பையன் சிரித்தான். பழைய கண்டென்சர்கள் இரண்டும், 4,700 மைக்ரோ ஃபாரட், 50 வோல்ட், ஒரு பாலிதீன் பையில் போட்டு என்னிடமே கொடுத்தார்கள். புதியவை 63 வோல்ட், 105 டிகிரி சூடு தாங்குபவை. மாற்றிய பொருளைக் கையில் கொடுக்கிற கடையை நான் ரொம்ப நாளைக்குப் பிறகு பார்க்கிறேன்.

இரண்டாவது முறை வீட்டுக்கு வந்தபோது ஆம்ப்ளிஃபயரில் புதிய மூன்று ஒயர் கார்டு, மூன்று பின் பிளக். எல்லா ஒயரையும் எண் பார்த்துப் பழையபடி மாட்டினார்கள். வால்யூம் பூஜ்யம். காதை வைத்தேன். ஒன்றுமில்லை, சுத்தமான அமைதி. குமிழைத் திருப்பினார். உறுமல் முன்னைவிடப் பெரிதாக வந்தது, கூடவே ஒரு கரகரப்பும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் முகத்தில் திருப்தி.

"நல்லதும்மா. எர்த் குடுத்ததும் ஏறுது பாருங்க. திருடன் எந்தப் பக்கம் இருக்கான்னு தெரிஞ்சு போச்சு."

போய் நேராக டி.வி. ஒயரைப் பிடுங்கினார். கரகரப்பு அந்த நொடியே நின்றது. உறுமலில் பெரும்பகுதி அதோடு போய்விட்டது.

இந்த இடத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நம் ஊரில் நிறைய வீடுகளில் இதே கதையாகத்தான் இருக்கும். சினிமா பார்க்கும்போது சத்தம் நன்றாக இருக்க வேண்டும் என்று செட்டாப் பாக்ஸிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு ஒயர் இழுத்திருந்தோம். செட்டாப் பாக்ஸுக்கு வருவது கேபிள் டி.வி.யின் கருப்பு ஒயர். அது மொட்டைமாடி மொட்டைமாடியாகத் தாவி, தெருக்கம்பம் தாண்டி வருகிறது. அந்த ஒயரின் வெளிப்பக்கக் கம்பி வலை எங்கேயோ, யார் வீட்டிலோ, எந்தக் கம்பத்திலோ மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. நம் ஆம்ப்ளிஃபயர் நம் வீட்டு எர்த் குழியில் மண்ணைத் தொடுகிறது. இரண்டும் மண்தானே என்று தோன்றும். ஆனால் இரண்டு மண்ணுக்கும் நடுவே வித்தியாசம் இருக்கிறது. கேபிள் ஒயரின் வலைக்கும் எங்கள் வீட்டு எர்த்துக்கும் நடுவே மீட்டரை வைத்துக் காட்டினார், 9 வோல்ட். அந்த வித்தியாசம் ஆம்ப்ளிஃபயரின் வழியாக, பாட்டு போகிற அதே ஒயரின் வலை வழியாக, சுற்றிச் சுற்றி ஓடுகிறது. எர்த்தை வெட்டியபோது உறுமல் குறைந்ததற்குக் காரணம் இதுதான். வட்டத்தை ஒரு இடத்தில் அறுத்தாயிற்று, அதனால் ஓட்டம் குறைந்தது. ஆனால் அறுத்தது தவறான இடத்தில். எங்கள் உயிரைக் காக்கிற பக்கத்தில்.

நடுவில், பாட்டை மட்டும் விட்டு இரண்டு பக்க ஒயர்களையும் பிரித்துவைக்கும் ஒரு சின்ன ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் டி.வி. ஒயரையும் வைத்துக்கொள்ளலாம், 500 ரூபாய்க்குள் வரும் என்றார். பையில் ஒன்று வைத்திருந்தார். ஆனாலும் விற்கப் பார்க்கவில்லை. "டி.வி.யிலயே ஸ்பீக்கர் இருக்கே, இது உங்களுக்கு வேணுமா?" என்று கேட்டார். யோசித்தேன். அம்மாவுக்குச் சீரியல் டி.வி. சத்தத்திலேயே போதும். ஒயரைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டோம். செலவு பூஜ்யம்.

இத்தனைக்குப் பிறகும் ரெக்கார்டு வைத்தால் மட்டும் ஒரு உறுமல் மிச்சம் இருந்தது, இடது ஸ்பீக்கரில். இங்கே ஒன்று தெரிந்துகொண்டேன். ரெக்கார்டு ஊசியிலிருந்து வரும் சிக்னல் மிகச் சிறியது. ஊசியைத் தாங்கும் சின்னப் பெட்டிக்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். அதில் மூவிங் மேக்னெட் வகை தருவது மூன்று, நாலு, ஐந்து மில்லிவோல்ட். சி.டி. பிளேயர் தருவது அதைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு. அதனால் போனோ சர்க்யூட் அதை நூறு மடங்கு பெருக்கித் தூக்கிவிட வேண்டியிருக்கிறது. அதோடு போகவில்லை. ரெக்கார்டில் பள்ளம் வெட்டும்போது கீழ் சுருதிகளை வேண்டுமென்றே அடக்கி வெட்டுவார்கள், இல்லாவிட்டால் பள்ளம் அகலமாகி ஒரு பக்கத்தில் பாட்டு கொள்ளாது. எவ்வளவு அடக்க வேண்டும் என்று 1954இல் அமெரிக்க ரெக்கார்டு நிறுவனங்களின் சங்கம் வகுத்த கணக்கையே உலகம் முழுக்கப் பின்பற்றினார்கள். வீட்டில் கேட்கும்போது அந்த அடக்கியதை ஆம்ப்ளிஃபயர் திரும்பத் தூக்க வேண்டும். அந்தக் கணக்கின்படி 50 ஹெர்ட்ஸில் இருப்பது நடுச்சுருதியைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு அதிகம் பெருக்கப்படுகிறது. நம் மின்சாரம் உறுமுகிற அதே 50. நூறு மடங்கு, அதன் மேல் ஏழு மடங்கு. ஊசிக்கும் ஆம்புக்கும் நடுவே துளி உறுமல் நுழைந்தாலும் ஸ்பீக்கரில் அது மலையாகிவிடும். டர்ன்டேபிள் ஆட்களுக்கு மட்டும் ஏன் இந்தத் தொல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அவர் செய்தது இது. ஆம்பின் பின்னால் இடது, வலது பிளக்குகளை மாற்றிச் செருகினார். உறுமல் வலது ஸ்பீக்கருக்குத் தாவியது. "ஆம்ப் மேல தப்பு இல்ல. சத்தம் ஒயரோட வருது." பிளக்கை ஆட்டிப் பார்த்தார், மாறவில்லை. ஆம்பை அணைத்துவிட்டு, டர்ன்டேபிளின் கையைப் பிடித்து, ஊசி இருக்கும் தலைப்பகுதியைக் கழற்றி, சட்டைப்பையிலிருந்து நகைக்கடைக்காரர் போடுகிற லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தார். தலைமுடிபோல நாலு ஒயர்: வெள்ளை, நீலம், சிவப்பு, பச்சை. வெள்ளையும் நீலமும் இடது பக்கம், சிவப்பும் பச்சையும் வலது. நீல ஒயர்தான் இடது பக்கத்தின் கிரவுண்ட். அதன் முனையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. என்னிடம் லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். மெட்ராஸ் காற்றில் இது சகஜமாம்.

இடுக்கியால் அந்தக் குட்டி கிளிப்பை இழுத்தெடுத்தார். ஒயரைப் பிடித்து இழுக்கவே கூடாது, கிளிப்பைத்தான் பிடிக்க வேண்டும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தார். கிளிப் தளர்ந்திருந்ததால் உள்ளே ஒரு பல்குத்தும் குச்சியின் முனையை விட்டுவிட்டு, வெளியிலிருந்து லேசாக அழுத்தினார். குச்சி இருந்தால் கிளிப் நசுங்காது. "இந்த இடத்துல சாலிடரிங் வைக்கறவங்க இருக்காங்க. அப்படி வெச்சா அந்தச் சூட்டுல கார்ட்ரிட்ஜ் உள்ள இருக்கற காயிலே போயிரும்" என்று பையனுக்குச் சொன்னார். எனக்கும் அது பாடம். இந்த ஒரு வேலைக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். கை நடுங்கவில்லை. அம்மா காபி கொண்டு வந்தவள், கொடுக்காமல் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "தம்பி, இவனோட அப்பாவும் இப்படித்தான் உக்காந்து பார்ப்பாரு" என்று என் பையனைக் காட்டிச் சொன்னாள். சொல்ல நினைத்தது தாத்தா. யாரும் திருத்தவில்லை.

மற்ற இரண்டும் சின்ன வேலைகள். டர்ன்டேபிளை ஆம்புக்கு ஒட்டினாற்போல் வைத்திருந்தோம். ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கையை ரெக்கார்டின் நடுவை நோக்கி நகர்த்தினால் மெல்ல உறுமல் ஏறியது. அந்தப் பக்கம்தான் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர். அதன் காந்தப்புலத்தை கார்ட்ரிட்ஜ் பிடிக்கிறது. இரண்டடி தள்ளி வைத்ததும் நின்றது. கடைசியாக, சத்தம் கூட்டி வைத்தால் ஊளையிடுகிற பிரச்சினை. ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் ஒரே தேக்கு அலமாரி மேல் இருந்தன. ரெக்கார்டைச் சுற்ற விடாமல் ஊசியை மட்டும் அதன் மேல் வைத்து, அலமாரியை விரலால் தட்டினார். ஸ்பீக்கரில் தொம் தொம் என்று கதவு தட்டுகிற மாதிரி கேட்டது. ஸ்பீக்கர் அதிர்கிறது, அலமாரி அதிர்கிறது, ஊசி அதையும் பாட்டு என்று நினைத்துப் படிக்கிறது, அது திரும்ப ஸ்பீக்கருக்குப் போகிறது. சமையலறை மேடை போட்டபோது மிஞ்சிய கடப்பா கல் ஒன்று கொல்லையில் சாத்தியிருந்தது. அதைக் கழுவி, நாலு ரப்பர் அடிகள் வைத்து, அதன் மேல் டர்ன்டேபிளை ஏற்றினோம். ஸ்பீக்கர்களைத் தரைக்கு இறக்கினோம். ரசமட்டத்தை வைத்துச் சமன் பார்த்தான் பையன். ரப்பர் அடி 120 ரூபாய், அதுவும் நான் பக்கத்து ஹார்டுவேர் கடையில் வாங்கியது.

கணக்கு இது. இரண்டு முறை வீட்டுக்கு வந்ததற்கு 1,000. கண்டென்சர்கள், பெரியதும் கூடவே மாற்றிய சில சின்னவையும் சேர்த்து, 640. கார்டும் பிளக்கும் 180. வேலைக்கூலி 1,200. மொத்தம் 3,020 ரூபாய். 11,500 ரூபாய்க்கு அந்தப் பெட்டிகளை வாங்கி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரிடமே கேட்டேன். களிம்பு பூத்த ஒயரின் உறுமலைப் புது ப்ரீஆம்ப் இன்னும் தெளிவாகக் காட்டியிருக்கும் என்றார்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். சொன்ன தேதிக்கு வேலை முடியாது. பதினோரு நாளில் ஐந்து முறை போன் செய்தேன், இரண்டு முறைதான் எடுத்தார். எடுத்தால் உண்மையைச் சொல்வார், அவ்வளவுதான். பில் கேட்டு வாங்க வேண்டும், கேட்டால் கையால் எழுதித் தருகிறார். பணமாகத்தான் வாங்குகிறார். பெல்ட், ஊசி எல்லாம் அவரிடம் கிடைக்காது, நீங்களே தேடி வாங்கி வந்தால் மாட்டித் தருவார். மாடிப்படி செங்குத்து. கனமான செட்டைத் தூக்கிக்கொண்டு ஏறுவது வயதானவர்களுக்குச் சிரமம். கீழே நின்று போன் செய்தால் பையன் இறங்கி வருவான்.

தீராமல் நிற்பது ஒன்றும் இருக்கிறது. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறினால் மறுபடியும் கிர்ரென்ற இரைச்சல் வருகிறது. எங்களுடையது பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். அதன் கரண்ட் அலைபோல வளையாமல் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்குகிறது, அந்த விளிம்புகள்தான் இரைச்சலாகக் கேட்கின்றன. சைன் வேவ் இன்வெர்ட்டர் போட்டால் போகும், ஆனால் இதற்காக ஓடுகிற இன்வெர்ட்டரை மாற்ற வேண்டாம், அது ஆயுசு முடிந்து போகும்போது பார்த்து வாங்குங்கள் என்றார். கரண்ட் இல்லாதபோது ரெக்கார்டு கேட்காமல் இருக்க எனக்கு முடியும்.

உங்கள் வீட்டிலும் இப்படி உறுமல் இருந்தால், இவரிடமோ வேறு யாரிடமோ போவதற்கு முன் சிலவற்றைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கின் நேரம் பாதி மிச்சமாகும். வால்யூமோடு சத்தம் ஏறுகிறதா, தனியாக நிற்கிறதா. போனோவில் மட்டுமா, எல்லாவற்றிலுமா. ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா. டி.வி. ஒயரைக் கழற்றினால் என்ன ஆகிறது. டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய தனி கிரவுண்ட் ஒயர் ஆம்பின் பின்னால் இருக்கும் திருகில் இறுகியிருக்கிறதா. நிறைய வீடுகளில் அந்த ஒயர் எதற்கென்று தெரியாமல் சுருட்டிக் கட்டி வைத்திருப்பார்கள் என்று அவர் சொன்னார். அதை மாட்டியே பாதி பேருடைய உறுமலை போனிலேயே நிறுத்தியிருக்கிறாராம், காசு வாங்காமல்.

எல்லாம் முடிந்து அவர் கிளம்பும் முன், ஒரு ரெக்கார்டு போட்டுக் காட்டுங்கள் என்றேன். எது வேண்டும் என்று கேட்டார். அம்மாதான் நாதஸ்வர ரெக்கார்டை எடுத்துக்கொடுத்தாள். ஊசி இறங்கியது. தூசியின் சின்னச் சின்ன பொட்டுச் சத்தம். அதற்கப்புறம் முதல் மூச்சுக்கு முன்னால் ஒத்து மட்டும் தனியாக, இரண்டு கட்டையில், மெல்ல எழுந்தது. இத்தனை வருடம் அந்த ரெக்கார்டில் அப்படி ஒரு தொடக்கம் இருப்பதே எனக்குத் தெரியாது. நான் அப்பாவோடு உட்கார்ந்து கேட்டபோதுகூட கவனித்ததில்லை. அம்மா தலையாட்டினாள். அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஊசி தேய்ந்துவிட்டது, மேல் ஸ்தாயியில் லேசாகக் கீச்சிடுகிறது என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனார். புதிய ஊசிக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறேன். வந்ததும் அந்தப் படியில் மறுபடியும் ஏற வேண்டும்.